ரீஃப் டேங்குக்கு லைட் வாங்குவதற்கு முன்: இரண்டு லைட் மாற்றிப் பார்த்த அனுபவம்

மெரைன் டேங்க், அதாவது உப்புத் தண்ணீர் மீன்தொட்டி, அதிலும் பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்க் வைக்க ஆசைப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "எந்த லைட் வாங்கலாம்?" என்பதுதான். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் சென்னை கொளத்தூரில் உள்ள மீன்தொட்டிக் கடைகளில் ஏறி இறங்கினேன். கேட்ட இடத்திலெல்லாம் பதில் கிடைத்தது. "உள்ளே என்ன வளர்க்கப் போறீங்க, டேங்க் எவ்வளவு ஆழம்?" என்று திருப்பிக் கேட்டவர் மட்டும் ஒருவரும் இல்லை. அதை யாராவது கேட்டிருந்தால் எனக்கு ரூ. 18,000-க்கு மேல் மிச்சமாகியிருக்கும், நிறைய பவளங்களும் பிழைத்திருக்கும். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி இந்த ஹாபிக்குள் வருகிறவர்கள் இதையே இன்னொரு முறை அனுபவிக்க வேண்டாம் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் டேங்க் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல், மணல் போக ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். செயற்கைக் கல் அடுக்கி, உப்புத் தண்ணீர் கலந்து, சைக்கிளிங் (நல்ல பாக்டீரியா வளர்ந்து தண்ணீர் மீனுக்கு ஏற்றதாக மாறும் கட்டம்) முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, ஒரு ஜோடி க்ளவுன் மீன் விட்டேன். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. மீனுக்கு வெளிச்சம் ஒரு பெரிய விஷயமே இல்லை. பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் போதும். பவளம் வைக்கும்போதுதான் லைட் ஒரு செலவாக மாறுகிறது. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தை வைத்து உணவு தயாரித்து அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. ஆகவே ரீஃப் டேங்கில் லைட் அழகுக்கு மாட்டுகிற பொருள் இல்லை, அதுதான் சாப்பாடு. குறைந்தால் பட்டினி. கூடினால் அந்தப் பாசியே பவளத்துக்கு நஞ்சாகிவிடும், பவளம் அதை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். இரண்டையும் என் டேங்கிலேயே பார்த்துவிட்டேன்.

முதல் லைட் டேங்க் வாங்கிய கடையிலேயே கொடுத்தது. விலை ரூ. 3,200. நீளமான அலுமினியப் பட்டையில் வரிசையாக வெள்ளை எல்.ஈ.டி., நடுவில் சில நீலம். "இதிலேயே கோரல் சூப்பரா வளரும் சார், நம்ம கஸ்டமர் நிறைய பேர் இதுதான் போட்டிருக்காங்க" என்றார் கடைக்காரர். அட்டைப் பெட்டியில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்டிருந்தது. நல்ல தண்ணீரில் செடி வளர்க்கிறவர்கள் வாங்குகிற வகை அது. வெள்ளை வெளிச்சத்தில் பவளம் வளரவே வளராது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அது சரியில்லை. வெள்ளையிலும் நீலம் கலந்துதான் இருக்கிறது. என் லைட்டில் இருந்த குறை வேறு: வெளிச்சம் மேல்மட்டத்திலேயே தீர்ந்துவிட்டது. பாசிகளுக்குப் பிடித்த நீலப் பகுதி, அதாவது 420-லிருந்து 460 நானோமீட்டர் அலைநீளத்தின் சுற்றுவட்டாரம், மணல்வரை போய்ச் சேரும்போது ஒன்றுமே மிச்சமில்லை. நம் கண்ணுக்கோ டேங்க் பளீரென்று தெரியும். கண் பச்சை, மஞ்சள் பக்கத்து வெளிச்சத்தைத்தான் அதிகமாக உணரும், நீலத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் கண்ணால் பார்த்து "நல்ல வெளிச்சம்" என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை. மொபைலில் லக்ஸ் அளக்கிற ஆப் இருக்கிறதே, அதுவும் கண்ணின் கணக்கில்தான் அளக்கிறது. நீல லைட்டின் கீழே அது காட்டுகிற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

அந்த லைட்டின் கீழே ஊதா நிற மஷ்ரூம் (காளான் வடிவப் பவளம்) சிலதும், பச்சை, ஆரஞ்சு நிறத்தில் ஸோவா (சின்னப் பூக்கள் மாதிரியான பவளம்) கொத்துகளும், ஒரு லெதர் கோரலும் (தோல் மாதிரியான மென்பவளம்) வைத்தேன். முதலில் எல்லாம் விரிந்து அழகாகத்தான் இருந்தன. சில வாரத்தில் ஸோவாக்களின் தண்டு நீள ஆரம்பித்தது. கல்லோடு ஒட்டி, பாயை விரித்தது மாதிரி படர வேண்டியவை ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலே நீண்டு நின்றன. வெளிச்சம் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அப்போது எனக்கு அது வளர்ச்சியாகத் தெரிந்தது. பிறகு நிறம் மங்கி எல்லாம் பழுப்புக்கு வந்தது. கடைக்காரரிடம் வீடியோவைக் காட்டினேன். "தண்ணியில சத்து இல்ல சார்" என்று சொல்லி ட்ரேஸ் எலிமென்ட் பாட்டில், கோரல் ஃபுட், சில டெஸ்ட் கிட் என்று ரூ. 4,000-க்குக் கொடுத்தனுப்பினார். ஊற்றிய சத்தெல்லாம் கல்லில் வளரும் வேண்டாத பாசிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கல் முழுவதும் முடி மாதிரி பச்சைப் பாசி பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலைகள் டூத்பிரஷ்ஷோடு போயின. ஆசையாக வைத்த ஒன்று கண்முன்னே மெலிந்துகொண்டே போவதும், ஏனென்று புரியாமல் மேலும் மேலும் காசைக் கொட்டுவதும் மனசை ரொம்பவே சோர்வாக்கியது. வீட்டில் யாராவது டேங்கைப் பற்றிக் கேட்டாலே எரிச்சல் வரும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், தண்ணீரையும் லைட்டையும் பிரித்துப் பார்க்க உதவும். தண்ணீரில் கோளாறு என்றால் பெரும்பாலும் டேங்கில் இருக்கிற எல்லாப் பவளமும், மேலே கீழே என்ற வித்தியாசமில்லாமல், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுருங்கும். லைட்டில் கோளாறு என்றால் இடத்துக்கு இடம் மாறும். கல்லின் உச்சியில் இருப்பது ஒரு மாதிரி, நிழலில் இருப்பது ஒரு மாதிரி, லைட்டுக்கு நேர் கீழே இருப்பது ஒரு மாதிரி இருக்கும். எதையும் பாட்டிலில் வாங்கி ஊற்றுவதற்கு முன்னால் இதைக் கவனியுங்கள். லெதர் கோரல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: அது அவ்வப்போது சுருங்கி, மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டி, சில நாளில் அதை உரித்துப் போட்டுவிட்டுப் பழையபடி விரியும். அதன் சுபாவமே அது. அந்த நேரத்தில் லைட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம்.

லைட்தான் பிரச்சினை என்று ஒருவழியாகப் புரிந்ததும் எதிர்த் திசையில் ஓடினேன். இணையத்தில் தேடினால் அமெரிக்கா, ஐரோப்பாக்காரர்கள் எழுதியதுதான் முன்னால் வந்து நிற்கும். அவர்களில் பலர் வளர்ப்பது அக்ரோபோரா மாதிரி, சுண்ணாம்புக் கூடு கட்டும் கடினப் பவளங்கள். அவற்றுக்கு மிகுந்த வெளிச்சம் வேண்டும். அவர்கள் சொல்லும் லைட்டுகள் இங்கே வந்து சேரும்போது ஒன்றே ரூ. 40,000, 50,000 என்று நிற்கும். அது முடியாதவர்களுக்கு என்று எல்லோரும் கைகாட்டுவது "பிளாக் பாக்ஸ்" என்று சொல்லப்படும் சீனத் தயாரிப்பு. கறுப்பு இரும்புப் பெட்டி, கீழே எல்.ஈ.டி.கள், மேலே இரண்டு ஃபேன், நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ். ஒரு காலத்தில் நம்மவர்கள் அலிஎக்ஸ்பிரஸ்ஸில் நேரடியாக வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். 2020 நவம்பரில் அது இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு இறக்குமதி செய்து விற்பவர்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நான் ஒரு விற்பனையாளரிடம் ரூ. 16,500 கொடுத்து வாங்கினேன். பெட்டியில் 165 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

அந்த 165 எங்கிருந்து வருகிறது தெரியுமா? உள்ளே 55 எல்.ஈ.டி. இருக்கும். ஒவ்வொன்றும் "3 வாட்" வகை. 55-ஐ மூன்றால் பெருக்கினால் 165. ஆனால் எந்த எல்.ஈ.டி.யையும் இந்தப் பெட்டிகளில் முழு 3 வாட்டுக்கு ஓட்டுவதில்லை. பிளக்கில் சொருகுகிற வாட் மீட்டர் ஒன்றைப் பிறகு வாங்கிச் சோதித்தபோது, இரண்டு குமிழையும் முழுதாகத் திருப்பியும் 112 வாட்டுக்கு மேல் ஏறவில்லை. ரூ. 1,500-க்குள் கிடைக்கிற அந்த மீட்டரை லைட்டுக்கு முன்பே வாங்கிவிடலாம். டேங்கோடு சம்பந்தப்பட்ட எல்லாச் சாதனத்தையும் அதில் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு இத்தனை வாட் வேண்டும் என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அது டியூப் லைட் காலத்துக் கணக்கு. எல்.ஈ.டி.க்கு அது பொருந்தாது. பெட்டியில் இருக்கிற வாட்டை வைத்து இரண்டு லைட்டுகளை ஒப்பிடவும் முடியாது.

லைட்டைத் தண்ணீருக்கு மேலே சுமார் அரை அடி உயரத்தில் மாட்டினேன். விற்றவர் "ஃபுல்லா வைங்க சார், ரீஃபுக்கு வெளிச்சம் பத்தாதுன்னுதானே வாங்குறீங்க" என்றார். முதல் இரவு டேங்கைப் பார்த்துவிட்டு வீடே அசந்துபோனது. தண்ணீர் அலை மணலில் நெளிந்து ஓடியது, ஸோவாக்கள் நீலத்தில் மின்னின. இரண்டாம் நாள் ஸோவாக்கள் மூடிக்கொண்டன. புது லைட்டுக்குப் பழகும் என்று இருந்தேன். அந்த வாரக் கடைசியில் என் மகள்தான் முதலில் பார்த்தாள்: "அப்பா, காளான் வெள்ளையாயிடுச்சு." கிட்டப் போய்ப் பார்த்தால், ஊதா மஷ்ரூமின் விளிம்பில் ஒரு விரல்நுனி அகலத்துக்கு நிறமே இல்லை. சதை மெலிந்து, அதன் அடியில் இருக்கும் கல்லின் சொரசொரப்புகூடத் தெரிந்தது. நடுவில் வாயைச் சுற்றி மட்டும் கொஞ்சம் ஊதா ஒட்டியிருந்தது. கல் உச்சியில் இருந்த லெதர் சுருண்டு ஒரு முடிச்சாகக் கிடந்தது. பல மாதம் மங்கலில் கிடந்த உயிரை ஒரே ராத்திரியில் இந்த வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். மேட்னி ஷோ முடிந்து மவுண்ட் ரோட்டு வெயிலில் வந்து நின்றால் நாம் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்ளலாம், பவளத்தால் முடியாது. அடுத்தடுத்து போனவை எல்லாம் சேர்த்து, வாங்கிய விலையில் ரூ. 11,000 வரும். பணத்தைவிட, அந்த மஷ்ரூம் கல்லிலிருந்து பிடி விட்டு வேவ் மேக்கர் (தண்ணீரைச் சுழலவைக்கும் பம்ப்) ஓட்டத்தில் மிதந்து வந்ததைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. டேங்கையே விற்றுவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிலைமை மாறியது அண்ணா நகரில் ஒரு அண்ணன் மூலமாக. பல வருஷமாக மெரைன் வைத்திருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "லைட்டை அளந்தியா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த விடுமுறை நாளில் ஒரு சின்னப் பையோடு வீட்டுக்கு வந்தார். அதில் இருந்தது பார் மீட்டர். செடியும் பாசியும் உணவு தயாரிக்கப் பயன்படுத்தும் வெளிச்சம், அதாவது 400-லிருந்து 700 நானோமீட்டர் வரை உள்ளது, ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எவ்வளவு விழுகிறது என்பதை அது அளக்கும். நண்பகல் முழு வெயில் கிட்டத்தட்ட 2000 காட்டும். அவருடையது அபோஜி எம்.க்யூ-510, தண்ணீருக்குள் வைத்து அளப்பதற்கென்றே வந்தது. அதே கம்பெனியின் பழைய மாடல்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும் என்றும், வாடகைக்கு எடுத்தால் மாடலைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். விலைக்கு வாங்க நினைக்கவே வேண்டாம், நம் லைட்டையெல்லாம் தாண்டிய விலை அது. வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள், நாலு பேர் சேர்ந்து ஒரு மீட்டரைப் பகிர்ந்துகொள்கிற குழுக்களும் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு முறை கையில் கிடைத்தால் போதும்.

நீளமான குச்சியின் நுனியில் சென்ஸாரைக் கட்டி ஒவ்வொரு இடமாக வைத்தோம். முழு வெளிச்சத்தில் கல் உச்சியில் 480. அதே கல்லுக்குக் கீழே நடு மணலில் 290. முன்பக்க மூலையில் 70. ஒரே டேங்கில் இவ்வளவு வித்தியாசம்! அதற்குக் காரணம் லென்ஸ். இந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு எல்.ஈ.டி. மேலும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும், என்னுடையதில் 90 டிகிரி. வெளிச்சத்தைக் கூட்டிக் கீழே அனுப்புவதால் ஆழமான டேங்குக்கு நல்லது. ஒன்றரை அடித் தண்ணீருக்கு, அதுவும் அரை அடி உயரத்தில் மாட்டினால், நடுவில் கொளுத்தும், ஓரத்தில் காயும். லைட்டை ஒரு அடி உயரத்துக்குத் தூக்கினோம். நீலத்தை 35 சதவீதத்துக்கும் வெள்ளையை 8 சதவீதத்துக்கும் இறக்கினோம். இப்போது கல் உச்சியில் 140, நடு மணலில் 85, மூலையில் 40. வாட் மீட்டர் 35-ஐத் தொட்டு நின்றது. கடையில் 165 வாட் என்று விற்ற லைட்டில் என் டேங்குக்குத் தேவைப்பட்டது 35 வாட். அந்த எண்ணைப் பார்த்தபோது ஒரே நேரத்தில் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. பாதி அளவு லைட், பாதி விலையில் வாங்கியிருந்தாலே போதும்.

ஏன் போதும் என்பதில்தான் நம் ஊருக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. பார் மீட்டர் கணக்கில் மஷ்ரூமுக்கு 30-லிருந்து 100 வரை போதும், ஸோவாவுக்கும் லெதருக்கும் 50-லிருந்து 150 வரை. இணையத்தில் அடிக்கடி பார்க்கும் 250, 350 எல்லாம் அக்ரோபோரா வகையறாவுக்கான கணக்கு. இந்தியாவில் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்துக்கொண்டு வரும் பவளத்தையும் பவளப்பாறைக் கல்லையும் யாராவது "லைவ் ராக்" என்று ரகசியமாகக் கொடுத்தால் அதைத் தொடாதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கடலுக்குச் செய்யும் கேடு பெரிது. வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னாலும் கடினப் பவளங்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்டவற்றை வைத்திருப்பதற்கே பதிவு வேண்டும். காகிதம் இல்லாமல் கைமாறுவதை வாங்கிவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆக, சாதாரணமாக நாம் வளர்க்கக்கூடியது மஷ்ரூம், ஸோவா, லெதர் போன்றவைதான். அவை எல்லாமே மிதமான வெளிச்சத்தில் வாழ்பவை. அப்படியிருக்கும்போது கடினப் பவளத்துக்கான லைட்டை விலை கொடுத்து வாங்குவது எதற்கு? பட்ஜெட் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சேமிப்பு வேறு எங்கும் இல்லை. எந்தக் கடையிலும் எனக்கு இதைச் சொல்லவில்லை என்பதில் இன்னும் வருத்தம் உண்டு.

லைட் வாங்கும்போது நான் இப்போது கேட்கிற கேள்விகள் வேறு. நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா? முடியாதென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். லென்ஸ் எத்தனை டிகிரி? ஒன்றரை அடி ஆழத்துக்கு 90-க்குக் குறையாமல் இருக்கட்டும், 120 கிடைத்தால் இன்னும் நல்லது. டேங்க் நான்கடி நீளம் என்றால் ஒரு பெரிய லைட்டைவிட இரண்டு சின்ன லைட் மேல். நிழல் குறையும், ஒன்று பழுதானால் இன்னொன்று தாங்கும். ஃபேனும் டிரைவரும் (எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி கரண்டைச் சீராக்கித் தரும் பகுதி) கழற்றி மாற்றக்கூடியவையா? உப்புக் காற்று முதலில் தின்பது ஃபேனைத்தான். சிவப்பு, பச்சை எல்.ஈ.டி. அதிகம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. அவை நம் கண்ணுக்கு நிறம் காட்டுவதற்குத்தான் பெரிதும் பயன்படும். ஆப், வைஃபை, மேகமூட்டம், இடிமின்னல் காட்டும் மோடு எல்லாம் ஆசைக்கு நன்றாக இருக்கும், பவளத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

பார் மீட்டர் கிடைக்கவே இல்லை என்றால்? நீலம் 20 சதவீதம், வெள்ளை 5 சதவீதம் அளவில் ஆரம்பியுங்கள். புதிதாக வரும் எந்தப் பவளத்தையும் முதலில் மணலில், ஓரமாக வையுங்கள். வாரத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். ஸோவா தண்டு நீண்டால் இன்னும் கூட்டலாம். மஷ்ரூம் விளிம்பு வெளுத்தாலோ, சுருங்கிக் கிண்ணம் மாதிரி மடிந்தாலோ உடனே குறையுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: குறைந்த வெளிச்சத்தில் பவளம் மெல்ல மெல்ல வாடும், திருத்திக்கொள்ள வாரக்கணக்கில் அவகாசம் இருக்கும். அதிக வெளிச்சம் நாலு நாளில் முடித்துவிடும். சந்தேகம் என்றால் குறைவாக வைப்பதே நல்லது. இதே காரணத்துக்காக ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணீரைத் தெளிவாக்கப் போடும் கரி) விஷயத்திலும் கவனம் வேண்டும். நாளாக ஆக டேங்க் தண்ணீர் லேசாக மஞ்சள் ஏறும், அந்த மஞ்சள் நீல வெளிச்சத்தைத்தான் விழுங்கும். கார்பன் போட்ட மறுநாள் தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும், லைட்டைத் தொடாமலேயே உள்ளே போகும் வெளிச்சம் கூடிவிடும். ரொம்ப நாள் கழித்துக் கார்பன் போடுகிறீர்கள் என்றால் கொஞ்சமாகப் போட்டு ஆரம்பியுங்கள், அல்லது லைட்டை ஒரு வாரம் குறைத்து வையுங்கள். அதே மாதிரி, லைட்டின் அடியில் உள்ள கண்ணாடியில் உப்புப் படிந்து வெளிச்சம் மங்கும். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது.

கரண்ட் செலவையும் சொல்லிவிடுகிறேன். 112 வாட் லைட் தினம் பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் சுமார் 67 யூனிட். 35 வாட்டில் 21 யூனிட். இது பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் கூடிவிடும். ஏ.சி. ஓடும் வீட்டில் கோடையில் அந்தக் கோட்டைத் தாண்டுவதும் தாண்டாததும் சில சமயம் இந்த நாற்பது ஐம்பது யூனிட்டில்தான் இருக்கிறது. லைட்டின் சூடும் தண்ணீரில்தான் இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் என் டேங்க் சர்வசாதாரணமாக 31 டிகிரியைத் தொட்டது; பவளத்துக்கு 25-லிருந்து 27 வரைதான் சுகம். அந்த வெப்பத்தில் அதிக வெளிச்சமும் சேர்ந்தால் வெளுப்பது இன்னும் சுலபம். லைட்டை உயரத் தூக்கி, குறைத்து வைத்து, தண்ணீரின் மேல் வீசும்படி இரண்டு சின்ன ஃபேன் மாட்டியதில் இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. ஃபேன் ஓடினால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். முடிந்தால் லைட்டில் மிச்சம் பிடித்த பணத்தைத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு எடுத்து வையுங்கள். கோடையில் லைட்டைவிட அதுதான் உயிர் காக்கும்.

டைமர் விஷயத்தில் நான் பட்டதையும் சேர்க்க வேண்டும். வட்டமாகச் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் மலிவு. ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். எங்கள் ஏரியாவில் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில், காலை பத்துக்கு எரிய வேண்டிய லைட் மத்தியானம் எரிந்து நள்ளிரவுவரை போயிருக்கிறது. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள், அல்லது ஸ்மார்ட் பிளக். தினம் எட்டிலிருந்து பத்து மணி நேர வெளிச்சம் போதும். ராத்திரி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் ஆரம்பிக்கும் நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மொத்த நேரத்தைக் கூட்ட வேண்டாம். கூட்டினால் கல்லில் பிடிக்கும் பாசிதான் சந்தோஷப்படும்.

பாதுகாப்பில் மட்டும் பட்ஜெட் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடப் பல மடங்கு மின்சாரம் கடத்தும். டேங்குக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். ஒயர் வழியாக ஓடிவரும் சொட்டு அந்த வளைவில் தரையில் விழுமே தவிர பிளக்குக்குள் போகாது. லைட்டை டேங்க் விளிம்பில் சும்மா உட்கார வைக்கக் கூடாது. கூரை கொக்கியில் கம்பி போட்டுத் தொங்கவிடுங்கள், அல்லது சுவரில் கிளாம்ப் அடியுங்கள்.

சென்னை ரிட்ச்சி ஸ்ட்ரீட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு), டிரைவர், 3 வாட் ராயல் ப்ளூ எல்.ஈ.டி. என்று தனித்தனியாக வாங்கித் தாங்களே லைட் செய்துகொள்பவர்களும் உண்டு. சால்டரிங் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல வழி. தெரியாதவர்கள் உப்புத் தண்ணீருக்கு மேல் தொங்கப்போகும் ஒன்றில் கற்றுக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு நான் சொல்வது செகண்ட் ஹாண்ட். ஹாபியை விட்டுப் போகிறவர்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுக்கிறார்கள். டி5 டியூப் லைட்டுகளைப் பழையதாக வாங்கினால் டியூபை எப்படியும் மாற்ற வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும், இங்கே மெரைன் டியூப் கிடைப்பதும் கஷ்டம். எல்.ஈ.டி.யில் அந்தத் தொல்லை இல்லை. பார்க்கப் போகும்போது கூலிங் கிளாஸ் எடுத்துப் போங்கள். அதை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தை மிகக் குறைத்து வைத்து, ஒவ்வொரு எல்.ஈ.டி.யும் எரிகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பல மலிவு லைட்டுகளில் ஒரு வரிசை முழுக்கத் தொடராக இணைந்திருக்கும், ஒன்று போனால் வரிசையே அணைந்துவிடும். ஒரே ஒரு எல்.ஈ.டி.யை மாற்றினால் சரியாகிவிடும் என்பதால் அதைச் சொல்லி விலை குறைக்கலாம். பின் மூடியைத் திறந்து, டிரைவர் இணைப்புகளில் பச்சையாகத் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வேண்டாம். எல்லாம் சரியென்றால் அரை மணி நேரமாவது முழு வெளிச்சத்தில் எரியவிட்டுப் பாருங்கள். சூடேறிய பிறகுதான் மினுக்கும் டிரைவரும் முனகும் ஃபேனும் வெளியே தெரியும்.